வடிவு என்று பேர் வெட்டிய போகணி

மைசூருக்குப் போய்வந்தேன் என்றால் எல்லோரும் அரண்மனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன். ஸ்கூட்டரின் பின் சீட்டில், மடியில் ஒரு பெரிய பூசணிக்காயை அணைத்துக்கொண்டு, பக்கவாட்டில் பார்த்தேன். முழுதாகப் பார்ப்பதற்குள் ஸ்கூட்டர் திரும்பிவிட்டது. ஏழு நாள் அந்த ஊரில் இருந்தும் பிருந்தாவனம் பார்க்கவில்லை, சாமுண்டி மலை ஏறவில்லை. பார்த்ததெல்லாம் ஒரு சமையலறையும், அதற்கு வந்துபோகும் அக்கம்பக்கத்து வீட்டுப் பாத்திரங்களும்தான்.

நான் போனது ஊர் பார்க்க அல்ல. என் அக்கா வடிவு முந்தின வருடம் மார்கழியில் இறந்துபோனாள். அத்தான் ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடமாக மைசூர்வாசி, விஜயநகரில் வீடு. ஒரே மகன் சென்னையில் இருக்கிறான். தலைத்திவசம் முடிந்த கையோடு அப்பாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட அவன் முயன்றிருக்கிறான். அத்தான் "பாக்கலாம்" என்று சொல்லி அவனை மட்டும் ரயிலேற்றிவிட்டார். அவன் எனக்குப் போன் செய்தான். "மாமா, நீங்க போய்ச் சொன்னாத்தான் கேப்பார். பொங்கல் கழிஞ்சதும் கூட்டிட்டு வந்துருங்க."

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருக்கிறேன். வெளியே போன புத்தகத்தைத் திரும்ப வாங்கி அதனதன் இடத்தில் வைப்பதுதான் இருபத்தைந்து வருடமாக என் தொழில். ஒரு மனிதரைக் கொண்டுவந்து சேர்ப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மைசூர் டவுன் பஸ்ஸில் ஊர்ப்பேர் மட்டுமல்ல, எண்கூடக் கன்னடத்தில் இருக்கிறது. "விஜயநகரா?" என்று கண்டக்டரிடம் கேட்டேன். தலையை ஆட்டினார். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் மடியில் அவரைக்காய்ப் பையோடு சூடாக ஏதோ பேசிக்கொண்டு வந்தார்கள். என் முழியைப் பார்த்த பக்கத்து ஆள் தமிழில் சொன்னார்: "மருமக சாருல வெல்லம் போட மாட்டேங்கிறாளாம். அந்த அம்மாவுக்கு அதான் வருத்தம்." சாரு என்றால் நம் ரசம். ரசத்தில் வெல்லம் போடாத மருமகள் எந்த ஊராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று மனதுக்குள் வாழ்த்தினேன்.

கண்டக்டர் தலையாட்டியதில் பொய் இல்லை. இறங்கிய இடம் விஜயநகர்தான். ஆனால் விஜயநகரில் முதல் ஸ்டேஜ், இரண்டாம் ஸ்டேஜ் என்று நான்கு இருக்கின்றன என்பதை நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தை பிறக்கப் போகிற குளிர். தாமிரபரணிக்காரனுக்கு அது குளிர் அல்ல, தண்டனை. அகலமான சாலைகள், ஒரே மாதிரி காம்பவுண்டுச் சுவர்கள், வாசலுக்கு வாசல் ஒரு ஸ்கூட்டர். எந்தத் தெருவில் திரும்பினாலும் அவரைப்பருப்பு வேகும் வாசனை மட்டும் மாறவில்லை. ஒரு வீட்டு வாசலில் கோலத்தைக் கழுவிக்கொண்டிருந்த அம்மாளிடம் முகவரிச் சீட்டை நீட்டினேன். படித்துவிட்டு, "வடிவம்மா வீடா?" என்று கேட்டார். அக்கா போய் ஒரு வருடம் ஆகியும் அந்த வீடு அவள் பேரில்தான் இருக்கிறது. தலையை மட்டும் ஆட்டினேன்.

அத்தான் தோளில் துண்டோடு, முன்னால் ஒரு பேசின் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தார். தண்ணீரில் ஊறிய அவரைக்கொட்டைகள்.

"வாரும் மாப்ளே. கைய கழுவிட்டு உக்காரும். ரெண்டு கை கூட இருந்தா சீக்கிரம் முடியும்."

பயணம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. ஊறிய கொட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அமுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி வெளியே வரும். அவருக்கு வந்தது. எனக்கு வந்த முதல் பருப்பு அவருடைய மூக்குக் கண்ணாடியில் போய் விழுந்தது. இவர் எங்கள் அக்கா இருந்த காலத்தில் தண்ணீர்ச் செம்பைக்கூட எட்டி எடுக்காத மனிதர். சமையலறையில் உப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டால் பணிமனையில் கேட்டுச் சொல்கிறேன் என்பார். அவர் இப்போது தேங்காயும் கசகசாவும் எவ்வளவு அரைக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டில் முதலில் ரசத்தை ஊற்றினார். பாவம், தனியாள், குழம்பு வைக்க முடியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, ரசத்திலேயே வயிற்றை நிரப்பி, மோருக்குச் சோறு போட்டுக்கொண்டேன். அப்போது ஆவி பறக்க அவரைப்பருப்புக் குழம்பு வந்தது. "இங்க சாரு முதல்ல, குழம்பு அப்புறம். முப்பது வருஷம் உங்கக்கா நம்ம வரிசையிலதான் போட்டா. நான்தான் மாத்திக்கிட்டேன்" என்றார். மோர்ச்சோற்றைத் தட்டில் ஒரு ஓரமாக ஒதுக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து சாப்பிட்டேன். குழம்பில் வெல்லம் இருந்தது. நன்றாகவும் இருந்தது, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சமையலறை மேடைக்கு மேலே ஒரு பலகை. அதில் அஞ்சாறு எவர்சில்வர் பாத்திரங்கள், அவற்றை மூடிவந்த தட்டுகள், எல்லாம் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருந்தது: 'எதிர் வீடு', 'முனை வீடு', 'ஜயம்மா'. இதென்ன என்று கேட்டேன்.

"உங்கக்கா போன புதுசுல தெருவே சாப்பாடு அனுப்பிச்சு. நான் பாத்திரத்தக் கழுவி வச்சிருந்தேன். எப்படித் திருப்பிக் குடுக்கன்னு தெரியல. மாவு டப்பா பின்னால ஒரு சின்ன டின்னு, அது நிறையக் கல்கண்டு. எதுக்குன்னு யோசிச்சேன். அப்புறம் ஞாபகம் வந்துச்சு. பக்கத்து வீட்டுப் பாத்திரம் போறப்ப அதுல ரெண்டு கல்கண்டு போடுவா. வீட்டுல ஒண்ணும் செய்யாத நாளுக்குன்னே வச்சிருக்கா." டின்னைத் தொட்டுக் காட்டினார். "நானும் அதையே போட்டேன். ரெண்டு மாசத்துல தீந்துட்டு. வாழப்பழம் வச்சேன். எத்தன நாளைக்கு வாழப்பழம் வைக்க? ஒருநாள் உளுந்தம்பருப்புச் சோறு பொங்கிக் குடுத்தேன். அடி பிடிச்சிருந்துச்சு. அந்தப் பாத்திரம் பிசிபேளே பாத்தோட திரும்பி வந்துச்சு."

அப்படி ஆரம்பித்த சமையல். இதையெல்லாம் நான் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டேன். மனதில் இருந்ததெல்லாம் வந்த காரியம். சென்னைப் பேச்சை எடுத்தேன். பேரன் கேட்கிறான், மருமகள் நல்ல பெண், இங்கே தனியாக விழுந்து கிடந்தால் யார் பார்ப்பார்கள் என்று எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வரலாம் மாப்ளே. ஒரு பாத்திரம் வரவேண்டியிருக்கு. வந்துரட்டும்."

"எந்தப் பாத்திரம்?"

"நம்ம போகணி. போன வருஷத் திருவாதிரைக்கு உங்கக்கா களி கிண்டி ஜயம்மா வீட்டுக்கு அதுலதான் அனுப்பினா. மூணாம் நாள் அவ போயிட்டா. போகணி இன்னும் வரல."

போகணி என்பது வாயகன்ற ஒரு பாத்திரம். அதற்காகவா ஒரு மனிதர் மகன் வீட்டுக்குப் போகாமல் இருப்பார்? தட்டிக்கழிக்க ஒரு சாக்கு என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலையில் ஜயம்மாவே வந்தார். பக்கத்து வீடு. ஐம்பத்தைந்து வயதிருக்கும். கணவர் வங்கியில் ஓய்வு பெற்றவர், காது கொஞ்சம் மந்தம். ஜயம்மா கையில் தட்டு மூடிய பாத்திரம், அதில் அக்கி ரொட்டி. அரிசிமாவில் வெங்காயமும் பச்சைமிளகாயும் சபசிகைக் கீரையும் பிசைந்து, கல்லிலேயே கையால் தட்டி, நடுநடுவே விரலால் ஓட்டை போட்டுச் சுட்டது. அந்த ஓட்டைகளில் வெண்ணெய் உருகி நின்றது. ஆனால் நான் திகைத்தது ரொட்டியைப் பார்த்து அல்ல.

"வடிவக்கா தம்பியா? வாங்கய்யா. மூஞ்சி அப்படியே இருக்கு. குளிருதா? சவத்த, இன்னும் நாலு நாள்ல போயிரும்."

கன்னடக்கார அம்மாளின் வாயில், எதையும் சலித்துத் தள்ளுகிற சுத்தமான நெல்லைச் 'சவத்த.' இருபது வருடம் சுவருக்கு மேலே நின்று என் அக்காவோடு பேசிப் பேசிக் கற்ற தமிழ். வேறு யாரிடமும் தமிழ் பேசியதில்லையாம். அதனால் அவருக்குத் தெரிந்த தமிழ் முழுக்க என் அக்கா பேசிய தமிழ். சொல்லை இழுக்கிற இடம், மூச்சு விடுகிற இடம்கூட அவளுடையது. பிட்ட ரொட்டியைத் திரும்பத் தட்டில் வைத்துவிட்டேன். வெண்ணெய் நிறைய என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் போனபின் அத்தான் சொன்னார். இரண்டு வருடத்துக்கு முன் காவிரிக்காக ஊர் கொதித்த வாரத்தில் அத்தானும் அக்காவும் கதவைத் திறக்காமல் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். மூன்று வேளையும் ஜயம்மா வீட்டிலிருந்து சுவர் மேலாகச் சாப்பாடு வந்திருக்கிறது. "பாத்திரத்த உடனே திருப்பிக் குடுங்கன்னு ஜயம்மா சத்தம் போடுவாங்க. குடுத்தாத்தானே அடுத்த வேளைக்கு அதுல அனுப்ப முடியும்" என்று சிரித்தார்.

அன்று பகலில் பொங்கல் சாமான் வாங்கத் தேவராஜ மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனோம். கரும்பு, எள், கொப்பரை, பூசணிக்காய். திரும்பி வரும்போதுதான் மேலே சொன்ன அரண்மனை தரிசனம். அடுத்த திருப்பத்தில் ஸ்கூட்டர் நின்றுவிட்டது. அத்தான் உதைத்தார், நான் தள்ளினேன். பூசணிக்காயை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓரமாக நின்ற குதிரைவண்டிக்காரரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தட்டிப் பார்த்து, காதோடு வைத்துப் பார்த்து, அத்தானிடம் கன்னடத்தில் நீளமாக ஏதோ சொன்னார். பெட்ரோல் பற்றித்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். "நல்ல முத்தல் காய், புளிக்குழம்பு வைக்காதீங்க, மோர்க்குழம்பு வைங்கன்னு சொல்றார்" என்றார் அத்தான். வண்டி நடுரோட்டில் நிற்கிறது, இரண்டு பேரும் பூசணிக்காயைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினார்கள். எங்கள் ஊரில் வண்டி நின்றால் பத்துப் பேர் கூடி பிளக்கைக் கழற்றச் சொல்வார்கள். இங்கே ஒருவர் மட்டும் வந்து சமையல் சொன்னார்.

மூன்றாம் நாள் அத்தான் சொதி வைத்தார். எங்கள் ஊர் மறுவீட்டுச் சாப்பாடு. தேங்காயைத் துருவி, அரைத்து, துணியில் பிழிந்து, முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி. காய்களும் பாசிப்பருப்பும் இரண்டாம் பாலில் வேகவேண்டும். முதல் பாலை ஊற்றியபின் கொதிக்க விடக்கூடாது. அடுப்பை அணைத்த பிறகுதான் எலுமிச்சம்பழம் பிழியவேண்டும். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். 'எதிர் வீடு' என்று ஒட்டிய பாத்திரத்தை எடுத்து அதில் ஊற்றி, அவர்கள் தட்டாலேயே மூடி என்னிடம் நீட்டினார். எதிர் வீட்டில் மேல்கோட்டையிலிருந்து வந்த வயதான ஐயங்கார் தம்பதி. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது ஒருவகைப் பழைய தமிழ் என்று புரிய எனக்கு இரண்டு நிமிடம் ஆனது. மாலையில் அதே பாத்திரத்தில் புளியோதரை வந்தது. மிளகு காரம் உச்சந்தலையில் நின்றது.

எனக்குப் பொறுமை போய்விட்டது. இந்தப் பாத்திரப் போக்குவரத்து இப்படியே நடந்தால் இவர் எந்தக் காலத்தில் கிளம்புவார்? மாலையில் அத்தான் நடக்கப் போயிருந்தார். பலகையைப் பார்த்தேன். கோடை விடுமுறைக்கு முன்னால் வெளியே போன புத்தகங்களையெல்லாம் வசூலித்து அடுக்குவோமே, அந்த உற்சாகம் வந்தது. லேபிள்கூட ஒட்டித் தயாராக வைத்திருக்கிறார். ஒரு பாத்திரம், ஒரு தட்டு விடாமல் எல்லாவற்றையும் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு, வீடு வீடாகப் போய்க் கொடுத்தேன். பளபளவென்று, சுத்தமாக, வெறுமையாக. முனை வீட்டு அம்மாள் பாத்திரத்துக்குள் பார்த்தார், என்னைப் பார்த்தார், கன்னடத்தில் மெதுவாக ஏதோ கேட்டார். "சென்னை, சென்னை" என்று கையை ஆட்டிக் காட்டினேன்.

கடைசியாக ஜயம்மா வீடு. அவர்கள் பாத்திரத்தைக் கொடுத்துவிட்டு, "எங்க அக்கா போகணி ஒண்ணு இங்க இருக்காமே. கிளம்புறோம்லா, வாங்கிட்டுப் போயிரலாம்னு வந்தேன்" என்றேன்.

"இப்பவா?" என்றார்.

"ஆமா."

உள்ளே போனவர் வர நேரமானது. வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "ஸ்வல்ப இருங்கய்யா. பொங்கலன்னிக்கு நானே..." என்று இழுத்தார்.

"வேண்டாம்மா, எங்களுக்கு ஒண்ணும் வேண்டாம். காலியாவே குடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. வெளிச்சம் குறைவு என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தான் திரும்பி வந்தவுடன் பலகையைப் பார்த்தார். பலகை காலி. நடுவில் போகணி மட்டும் இருந்தது.

"யாரு கொண்டாந்தது?"

"ஜயம்மா குடுத்தாங்க" என்றேன். நான் சொன்னதும் டவுன் பஸ் கண்டக்டர் தலையாட்டியது மாதிரிதான். பொய் இல்லை.

போகணியை எடுத்து உள்ளே பார்த்தார். 'வடிவு' என்று வெட்டியிருந்த இடத்தை விரலால் தடவினார். "வெறும் போகணியா குடுத்தாங்க?"

"ஆமா."

அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலையில் நான் எழுந்தபோது அடுப்பு பற்றவைக்கவில்லை. மேஜையில் கடை ரொட்டியும் பாலும் இருந்தன.

"டிக்கெட் போட்டுரும் மாப்ளே. போயிரலாம்" என்றார்.

என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அக்கா மகன் போனில், "மாமான்னா மாமாதான்" என்றான். அந்தச் சூட்டோடு என் மனைவிக்கும் போட்டு, நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"வெறும் பாத்திரத்தையா குடுத்தீங்க? அத்தன வீட்டுக்கும்?"

"கழுவித்தான் குடுத்தேன்."

"அறிவு இருக்கா உங்களுக்கு? யாராவது வெறும் பாத்திரத்தத் திருப்பிக் குடுப்பாங்களா? இனிமே உங்க சங்காத்தமே வேண்டாம்னு சொல்ற மாதிரில்லா. இத்தன வருஷம் நம்ம வீட்டுல நான் என்ன செய்யேன்னு ஒருநாளாவது பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக்கும் பாத்திரங்கள் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. அவற்றில் வந்ததைத் தின்றிருக்கிறேன். அவற்றில் என்ன போனது என்று கேட்டதே இல்லை. அத்தான் கல்கண்டு டின்னைக் காட்டிச் சொன்னதையும் ஒரு கதையாகத்தான் கேட்டேன். இருபத்தைந்து வருடம் புத்தகத்துக்கு நடுவில் இருந்தவன் என்று பெயர், ஒரு பாத்திரத்தைப் படிக்கத் தெரியவில்லை.

திரும்பி வந்தால் கேட்டருகே ஜயம்மா நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

"நான் என்ன தப்பு செஞ்சேன் அய்யா? உங்க அத்தான் ஏன் போகணிய கேட்டு அனுப்பிச்சார்?"

"அவர் கேக்கலியே" என்றேன்.

அவர் சொன்னார். "அக்கா அதுல இனிப்பு குடுத்தா. இனிப்பு வந்த பாத்திரத்த இனிப்போடத்தான் குடுக்கணும். சாவு வீட்டுக்கு எப்படி இனிப்பு கொண்டு போவேன்? வருஷம் கழியட்டும்னு எடுத்து வச்சேன். தினம் விளக்குவேன். இந்தப் பண்டிகைக்குக் குடுக்கலாம்னு பாசிப்பருப்பெல்லாம் வாங்கி வச்சிருக்கேன்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் கேட்டு அனுப்பினதும், சரி, இவங்களுக்கு நம்மகிட்ட இனிமே ஒண்ணும் வேண்டாம் போலன்னு நினைச்சேன்" என்றார்.

ஜயம்மா அத்தானைத் தப்பாக நினைத்திருக்கிறார், அத்தான் ஜயம்மாவைத் தப்பாக நினைத்திருக்கிறார். நடுவில் நான், கூடையோடு. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொள்வது என் சுபாவம்தான், ஆனால் இந்தத் தடவை வேட்டி அடுத்தவருடையது. வெட்கமாக இருந்தது. எனக்கு அழுகைகூட வந்தது. நடந்ததைச் சொல்லி, அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "சவத்த விடுங்க" என்றார். அக்கா குரலிலேயே சொன்னார்.

அத்தானிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. அவர் துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். சொல்லி முடித்தேன். மடித்த வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"நீரு போய்க் கேட்டீரா?"

"ஆமா அத்தான்."

"அவங்களா வெறும் போகணியத் தரல?"

"தரல. பொங்கலுக்குத் தாரேன்னுதான் சொன்னாங்க. நான்தான் வேண்டாம்னு வாங்கிட்டு வந்தேன்."

கட்டிலில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ராத்திரி பூரா யோசிச்சேன் மாப்ளே, வடிவு போனதோட நம்மள முடிச்சு விட்டுட்டாங்கன்னு" என்றார். பிறகு எழுந்து போகணியை எடுத்து என் கையில் கொடுத்தார். "கொண்டுபோய்க் குடும். வெறுசாக் குடுக்கக்கூடாது. உள்ள என்ன வைக்கணும்னு நீரே பாத்துக்கிடும். நான் வர மாட்டேன் அடுப்புப் பக்கம்."

ஐம்பத்து நாலு வயதில் நான் முதன்முதலாக அடுப்புப் பற்றவைத்தேன். ரவை உப்புமாதான் எளிது என்று கேள்வி. ரவையை வறுக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்தவர் வாசனையிலேயே கண்டுபிடித்து, "வறுத்தீரா?" என்று கேட்டார். அதற்குள் தண்ணீரில் கொட்டியாயிற்று. கட்டி கட்டியாக ஒன்று வந்தது. உப்பு ஒரு கட்டியில் இருந்தது, ஒரு கட்டியில் இல்லை. போகணியில் போட்டு, தட்டால் மூட எங்கள் வீட்டுத் தட்டு ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். ஜயம்மா திறந்து பார்த்தார்.

"நீங்களா கிண்டினீங்க?"

"ஆமாம்மா."

வாசலில் நின்றபடியே ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டார். "எங்க வீட்டுக்காரர் கிண்டினா இதுகூட வராது" என்றார். அன்று மாலைக்குள் மற்ற வீடுகளுக்கும் ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு போய்வந்தேன். முனை வீட்டு அம்மாள் இந்தத் தடவை சிரித்தார்.

சங்கராந்தி அன்று அந்தத் தெருவில் பெண்கள் எள்ளும் வெல்லமும் கொப்பரையும் கலந்த பொட்டலங்களோடு வீடு வீடாகப் போகிறார்கள். எள்ளு வெல்லம் தின்று நல்ல வார்த்தை பேசு என்று சொல்லிக் கொடுப்பது இந்த ஊர் வழக்கம். காலையில் ஜயம்மாவும் அவர் கணவரும் சேர்ந்து வந்தார்கள். கணவர் கையில் எள்ளு வெல்லமும் கரும்புத் துண்டும். ஜயம்மா கையில் போகணி, மேலே ஒரு தட்டு.

அத்தான் திறந்தார். களி. அரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காயும் நெய்யும் சேர்த்துக் கிண்டிய, எங்கள் ஊர்த் திருவாதிரைக் களி. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று என் அக்கா சொல்லிக்கொடுத்ததாம். அந்த அம்மாள் இதற்கு முன் அதைத் தனியாகக் கிண்டியதே இல்லை.

அத்தான் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"வெல்லம் ஜாஸ்தி" என்றார்.

"மைசூர்ல அப்படித்தான்" என்றார் ஜயம்மா.

இரண்டாம் வாயில் அத்தான் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைக்காமல் சாப்பிட்டார். எனக்கு அவர் ஒரு கரண்டிதான் கொடுத்தார். நானும் அழுதுகொண்டுதான் தின்றேன், மறைக்கவில்லை. மைசூரில் நான் தின்றதிலேயே அந்த ஒரு கரண்டிதான் இன்றும் நாக்கில் இருக்கிறது.

அவர்கள் போனபிறகு அத்தான் போகணியைக் கழுவித் துடைத்து, பலகையின் நடுவில் வைத்தார். ஒரு வருடமாக வரவேண்டியிருந்த பாத்திரம் வந்துவிட்டது. இனிச் சொல்ல அவருக்குச் சாக்கு இல்லை. கேட்கவேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வந்த காரியம் வந்த காரியம்.

"அப்ப, அத்தான், டிக்கெட் போடட்டுமா?"

அத்தான் மேடையைப் பார்த்தார். போகணியை மூடிவந்த தட்டு அங்கே இருந்தது. எடுத்துத் திருப்பினார். விளிம்பில் கன்னடத்தில் ஒரு எழுத்து வெட்டியிருந்தது.

"இது ஜயம்மா வீட்டுத் தட்டுல்லா" என்றார். "இத வெறுசாவா குடுக்க?"

உளுந்து டப்பாவைத் திறந்து, ஆழாக்கை உள்ளே விட்டார்.

மறுநாள் ஊருக்குக் கிளம்பும் முன் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். பையில் எனக்கென்று கட்டிக் கொடுத்த புளியோதரை, தட்டை, நிறைய எள்ளு வெல்லம். அக்கா மகன் ஆவலோடு கேட்டான்.

"எந்த வண்டி மாமா? ஸ்டேஷனுக்கு வரட்டுமா?"

"உங்கப்பா வரல. ஒரு தட்டத் திருப்பிக் குடுக்கவேண்டியிருக்கு."

"தட்டா? அதக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே, மாமா? பக்கத்து வீடுதானே?"

ஒரு வாரத்துக்கு முன்னால் நான் பேசிய பேச்சு.

"உனக்குப் புரியாது" என்றேன். "போனை உன் பொண்டாட்டிகிட்டக் குடு."